சத்தம் போடாத ஸ்கிம்மர்

பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவார். வலக்கைச் சுட்டுவிரல் மேலே எழும். பார்வை தரையில் ஏதோ ஒரு புள்ளியில் நிலைக்கும். எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் அந்த நேரம் வாய் திறக்கக் கூடாது. ஐந்து விநாடி ஆகும், சில வேளை பத்து. பிறகு விரல் இறங்கும். விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்வார். "...அப்ப அந்தப் பம்பை மட்டும் கழட்டி மாத்தேலாதோ தம்பி?"

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. என் கைபேசியில் 'வெள்ளவத்தை ஆன்ட்டி, ஆறாம் மாடி' என்று பதிந்து வைத்திருந்தேன். நான் அப்போது கொட்டாஞ்சேனையில், அலங்காரக் கடல்மீன் விற்கும் ஒரு கடையில் வேலை செய்தேன். வீடுகளுக்குப் போய்த் தொட்டி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் பொறுப்பு. அவர் வீட்டில் நாலடி நீளத்தில் ஒரு பவளத் தொட்டி இருந்தது. அதன் ஸ்கிம்மர் நின்றுபோய்விட்டது, புதியது ஒன்று வேண்டும் என்று அழைத்திருந்தார்.

ஸ்கிம்மர் என்பது நிமிர்ந்து நிற்கும் ஒரு தடித்த குழாய். தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி இருக்குமே, அதற்குள் நிற்கும். பம்ப் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்து மாவு போல நுண்ணிய குமிழிகளாக்கும். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அந்தக் குமிழிகளில் ஒட்டி, நுரையாக மேலேறி, உச்சியிலுள்ள கோப்பைக்குள் வழியும். இரண்டு நாளில் கோப்பை நிறைய, கறுத்த தேநீர் நிறத்தில், நாறும் தண்ணீர் சேரும். அது வெளியே வராவிட்டால் தொட்டிக்குள்ளேயே கிடந்து அழுகும். மீன் கொஞ்ச நாள் தாங்கும். பவளம் தாங்காது.

வாங்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது, எத்தனை லீற்றர் தண்ணீருக்குப் போதும், அலுமாரியின் உயரத்துக்குள் அடங்குமா, கோப்பையைக் கழற்றிக் கழுவுவது சுலபமா என்பதுதான். அவர் இவை எதையும் கேட்கவில்லை.

"இது எவ்வளவு சத்தம் போடும்?"

"எல்லாமே கொஞ்சம் போடும் ஆன்ட்டி. பம்ப் ஓடுது, காத்து இழுக்குது. ரெண்டு நாள்ல பழகிரும்."

"எனக்குப் பழகக் கூடாது," என்றார்.

அப்போதுதான் அந்த வீட்டைக் கவனித்தேன். சுவர்க் கடிகாரம் பற்றரி கழற்றப்பட்டு ஏதோ ஒரு பத்தேகாலில் நின்றது. கதிரைக் கால்கள் எல்லாவற்றுக்கும் பழைய துணியில் உறை. வீட்டுத் தொலைபேசி, மடித்த துவாயின்மேல். அவர் காலில் துணிச் செருப்பு. குக்கர் விசில் மற்றச் சத்தங்களை அமுக்கிவிடும் என்பதால் அந்த வீட்டில் குக்கரே இல்லை. பருப்பைத் திறந்த பானையில்தான் அவிப்பார். மகன் குளிக்கும் நேரத்தில் எதையும் தாளிக்கமாட்டார்.

மகனுக்காகத்தான் எல்லாம். நிரூஷனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். பதினாறு வயதிலிருந்து வலிப்பு. மருந்து எடுத்தும் முழுதாக அடங்கவில்லை. மாதத்தில் ஒன்று, சில மாதம் மூன்று. எப்போது வரும் என்று அவனுக்கும் தெரியாது. ஒருமுறை குளியலறையில் விழுந்து தாடை கிழிந்த தழும்பு அவன் முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு குளியலறைத் தாழ்ப்பாளை அவர் கழற்றிவிட்டார். இன்னொரு முறை அறைக்கதவுக்குக் குறுக்கே விழுந்து, கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் போன பிறகு, அறைக்கதவையும் கழற்றிவிட்டார். அங்கே ஒரு திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் கணினியின் முன்னிருந்து அவன் யாருக்கோ விளம்பரங்கள் வடிவமைத்துக்கொண்டிருப்பான். தொட்டி அவனுடையது. பவளங்களைச் சின்னத் துண்டுகளாக வாங்கி ஒட்டி வளர்த்து, பெருக வைத்திருந்தான். கொழும்பில் அப்படிப் பச்சை பிடித்த பவளங்களை நான் வேறு வீட்டில் கண்டதில்லை.

கட்டடத்துக்கு நேர் கீழே கடற்கரை ரயில் பாதை. ரயில் வரும் சத்தம் தொலைவில் கேட்டவுடனே ஆன்ட்டி கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய்த் திரையோரம் நிற்பார். ரயில் கடந்த பிறகு திரும்பி வருவார்.

"கோச்சி போகேக்க ஒண்டும் கேக்காது," என்று எனக்கு விளக்கினார். "அதான் போய்ப் பாக்கிறனான்."

பழைய ஸ்கிம்மரைக் கழற்றிப் பார்த்தேன். பம்பின் உள்ளே உப்புக் கட்டி இறுகியிருந்தது. அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட்டால்தான் அப்படி ஆகும். கேட்டேன். அவர் திரைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நிரு நித்திரையான உடனே நிப்பாட்டிப்போடுவன். அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

ஊர் முழுவதும் மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில், அந்தக் கட்டடத்தில் அதை விரும்பியவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். "கரண்ட் போனா எனக்கு நிம்மதி தம்பி. மின்விசிறி இல்லை, பிரிட்ஜ் இல்லை. அவன் புரண்டு படுக்கிறதும் கேக்கும்." மகன் அந்த நேரத்தில் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பைக் கட்டிக்கொண்டு, தன் பவளங்களுக்காகத் தொட்டியோடு நின்றிருப்பான்.

முதலில் ஒரு பெரிய ஸ்கிம்மரைக் கொண்டுபோனேன். தொட்டிக்குத் தேவையானதைவிட ஒரு அளவு கூட. நல்ல சாமான். பொருத்தி, ஓட விட்டேன். குழாய் பால் நிறத்தில் நிறைந்தது. கூடவே ஒரு இரைச்சல், மழைக்குத் தகரம் இரைவது போல, விடாமல். ஆன்ட்டி விரலைத் தூக்கியபடி நின்றார். பத்து விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். விரல் இறங்கவே இல்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"நிப்பாட்டுங்கோ."

"அம்மா, இருக்கட்டும்," என்றான் நிரு திரைக்குப் பின்னாலிருந்து.

"நிப்பாட்டுங்கோ தம்பி!"

நிறுத்தினேன். அவர் கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிரு வெளியே வந்து என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு உள்ளே போனான்.

அடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், கடையிலேயே ஓட விட்டுத் தொலைபேசியில் கேட்கச் செய்யுங்கள் என்றார். வீட்டை விட்டு வர அவருக்கு வழியில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் கடைக்கு முன்னால் எந்நேரமும் ஓட்டோக்களும் லொறிகளும். நான் ஸ்கிம்மரை வாளித் தண்ணீரில் ஓட விட்டு, கைபேசியை அதன் பக்கத்தில் பிடித்தேன்.

"அது என்ன கீச்செண்டு?"

"ஓட்டோ, ஆன்ட்டி."

"இப்ப ஒரு மணிச் சத்தம்?"

"அது கோயில் மணி. மாதா கோயில்."

"ஸ்கிம்மர் எங்க கேக்குது?"

கடைக் கதவை அடைத்தேன். அதுவும் போதாமல், வாளியையும் கைபேசியையும் தூக்கிக்கொண்டு பின்னால் சாமான் வைக்கும் அறைக்குள் போய் இருட்டில் குந்தியிருந்தேன். முதலாளி கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்ன தம்பி இது, மீனுக்கு ஓதிப் பாக்கிறியா?" அன்று மூன்று வகையை அப்படிக் கேட்டார். மூன்றும் சரியில்லை.

கடைசியில் ஒரு சிறியதை ஏற்றுக்கொண்டார். பம்பின் சத்தம் உண்மையிலேயே குறைவு. காதை அலுமாரியில் வைத்தால்தான் தெரியும். ஆனால் அது அந்தத் தொட்டிக்குப் பாதிக்கும் போதாது. அதையும் அவரிடம் சொன்னேன். நிரு வந்து குனிந்து பார்த்தான்.

"இது விளையாட்டுச் சாமான். என்ர பவளம் எல்லாம் சாகும்."

"சாகாது. தண்ணியை அடிக்கடி மாத்துவம். நான் மாத்தித் தாறன்."

"அம்மா, உங்களுக்குச் சத்தம் பிரச்சினையில்லை. என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கோணும், அதான் பிரச்சினை. நான் இருமினா, கதிரையை இழுத்தா, ஆரோடயும் போனில கதைச்சா, எல்லாத்துக்கும் நீங்க திரைக்கு வெளியில நிக்கிறீங்கள்."

"நிக்காமல்? நீ விழுந்து கிடக்க நான் இஞ்ச இருந்து மீனைப் பாக்கிறதோ?"

நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அலுமாரிக்குள் தலையை விட்டிருந்தேன். அந்தச் சண்டை முடியும்வரை வெளியே எடுக்கவில்லை. விழுந்தால் அம்மாவின் கையிலே அதிரும்படி ஒரு கைப்பட்டி இருக்கிறது, அதை வாங்குவோம் என்று அவன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மெசினை நம்பிப் பிள்ளையை விட முடியாது என்பது அவர் பதில்.

சிறியதே பொருத்தப்பட்டது. ஒரு மாதத்தில் பவளங்களின் நுனிகள் பழுப்படையத் தொடங்கின. கண்ணாடியில் சிவந்த பாசி படிந்தது. கழுவிவிட்டுப் போவேன், மறுவாரம் மறுபடி இருக்கும். அந்த நாட்களில் வேறொன்றையும் கவனித்தேன். என்னைத் தன் இடப்பக்கத்தில் உட்காரச் சொல்வார். சொன்னதைத் திரும்பக் கேட்பார். விரலைத் தூக்கி அவர் நிற்கும்போது சில வேளை உள்ளே எந்தச் சத்தமும் இருக்காது. சில வேளை அவன் உள்ளே தும்முவான், இவர் விரல் எழாது. வயது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிற்பகல் என்னை வரச் சொல்லியிருந்தார். போனால் சேலை மாற்றிக் கைப்பையோடு நின்றார்.

"கோயிலுக்கு ஒருக்காப் போட்டு வாறன். ரெண்டு மணித்தியாலம். நீங்க தொட்டியைக் கழுவுங்கோ. அவன் குளிக்கேக்க மட்டும் கொஞ்சம் காதைக் குடுத்துக்கொண்டிருங்கோ தம்பி. வேற ஒருத்தரையும் எனக்குக் கேக்க இல்லை."

வாசலில் மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். லிஃப்ட் இறங்கும் ஓசை அடங்கியதும் நிரு வெளியே வந்தான்.

"அண்ணா, அந்தப் பெரியது வானில இருக்கோ?"

இருந்தது. வேறு வீட்டுக்குக் கொண்டுபோகக் கடை வாகனத்தில் வைத்திருந்தேன்.

"அம்மா வரும்வரைக்கும் போடுங்கோ. தண்ணிக்கு ஒரு ரெண்டு மணித்தியாலமாவது நல்ல மூச்சு கிடைக்கட்டும்."

பொருத்தினேன். வீடு முழுக்க அந்த இரைச்சல் பரவியது. அவன் தொட்டியின் முன்னால் நின்று கண்ணை மூடினான். பாட்டுக் கேட்பவனைப் போல இருந்தது முகம். "இப்ப நான் என்ன செய்யிறனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது," என்றான். பிறகு துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

நான் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். குளியலறையில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கப் பார்த்தேன். இரைச்சல்தான் கேட்டது. எட்டி நடந்து போய் நின்றேன். தண்ணீர் விழுந்தது. திரும்பி வந்தேன். ஒரு பொருள் விழுந்த மாதிரி ஏதோ கேட்டது. கேட்டதா, நினைத்துக்கொண்டேனா? மறுபடி போனேன். கதவைத் தட்டினால் கோபிப்பானோ? தட்டாமல் விட்டு அவன் தரையில் கிடந்தால்? மேல்மாடியில் யாரோ கட்டில் இழுத்தார்கள். கீழே பஸ் ஹோர்ன். ஒவ்வொன்றும் என்னைத் தூக்கிப் போட்டது. கை நனைந்தபடி தொட்டிக்கும் குளியலறைக்கும் இடையில் ஆறு தரமோ ஏழு தரமோ நடந்தேன். இந்த வீட்டிலிருந்து நானும் இனி வெளியே போக முடியாது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. கடைசியில் ஓடிப்போய் ஸ்கிம்மரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

அமைதி. தண்ணீர் விழும் சத்தம். அவன் தொண்டையைச் செருமும் சத்தம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தான். "ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"சும்மா. நுரை கூட ஏறிருச்சு."

அவன் தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இவ்வளவு கெதியா நீங்களும் அம்மா மாதிரி ஆகிட்டீங்கள்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

ஆன்ட்டி திரும்பி வந்தபோது நெற்றியில் திருநீறு இல்லை. பெரிய ஸ்கிம்மரை நான் ஏற்கெனவே கழற்றி வாளியில் வைத்திருந்தேன். என்னோடு லிஃப்ட்வரைக்கும் வந்தார். கதவு திறந்தும் என்னைப் போக விடவில்லை.

"கோயிலுக்குப் போகேல்லை தம்பி. காது டொக்டரிட்டப் போனனான். வலது காது அநேகமாப் போயிட்டுதாம். இடதும் குறைஞ்சுகொண்டு வருதாம். மெசின் வைக்கச் சொல்லுறார்."

"வைங்களேன் ஆன்ட்டி. இப்ப எவ்வளவோ நல்ல மெசின் இருக்கு."

"வைச்சா அவனுக்குத் தெரிஞ்சிடுமே. எனக்குக் கேக்கேல்லை எண்டு தெரிஞ்சா அவன் நித்திரை கொள்ளமாட்டான். அவன் நித்திரை கொள்ளாட்டி வலிப்பு இன்னும் கூடும்." என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் போனேன், தொட்டியைக் கழுவினேன், அவனிடம் பவளங்களைப் பற்றிப் பேசினேன், அவர் விரல் தூக்கியபோது வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டே நானும் கூட நின்றேன். அப்படி இரண்டு மாதம். அந்த வீட்டு லிஃப்டில் ஏறும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். ஆறாம் மாடி வந்துவிடும்.

ஒரு காலை அவரே அழைத்தார். "தம்பி, அந்தப் பெரியது இன்னும் இருக்கோ? கொண்டு வந்து பூட்டி விடுங்கோ."

போனபோது நிருவின் கீழுதடு வீங்கித் தையல் போட்டிருந்தது. அவன் அறையில் வேலையாக இருந்தான். நான் அலுமாரியின் முன்னால் குனிந்திருக்க, ஆன்ட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னார்.

"கிச்சினில கீரை ஆஞ்சுகொண்டிருந்தனான். வீடு அப்பிடி ஒரு அமைதி. ஒரு சத்தமும் இல்லை எண்டு எனக்கு நல்ல சந்தோசம். ரெண்டு தரம் கையை நிப்பாட்டிக் கேட்டனான். ஒண்டும் இல்லை. பிறகும் கீரையை ஆஞ்சன். நிமிந்து பாத்தா அவன் வாசல்ல நிக்கிறான். வாயெல்லாம் ரத்தம். 'அம்மா, நான் விழுந்து எழும்பியும் வந்திட்டன்' எண்டான்."

நான் பம்பின் திருகாணியை இறுக்கினேன்.

"பிறகு என்ர காதுக்குக் கிட்ட வந்து கையைத் தட்டிப் பாத்தான் தம்பி. சின்னப் பிள்ளைக்குப் பாக்கிற மாதிரி. இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா. பிறகு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதான்."

பெரிய ஸ்கிம்மரை ஓட விட்டேன். அதே இரைச்சல். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கோப்பையை எப்படிக் கழற்றுவது, எந்த அளவில் நுரையை வைப்பது என்று கேட்டுப் பழகிக்கொண்டார். அவர் இடக் கையில் கறுப்பாக ஒரு பட்டி இருந்தது. நிருவின் கையிலும் ஒன்று. அவன் விழுந்தால் இது அதிரும். மறுவாரம் காதுக்கு மெசினும் வந்துவிடும் என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். இரத்மலானையில் மீன் ஏற்றுமதி செய்யும் இடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கடையிலிருந்து வேறு ஆளை அனுப்பினார்கள். பவளங்கள் தேறிவிட்டன என்று அந்த ஆள் சொன்னான். மற்றது எனக்குத் தெரியாது.

அந்தக் கடைசித் தடவை, பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். நிரு வந்து கதவைத் திறந்து, வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, வேகமாகத் திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டான். ஸ்கிம்மர் இரைந்துகொண்டிருந்தது. கூடத்துத் தரையில், தொட்டிக்குக் கிட்ட, பாயில் ஆன்ட்டி படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு கை பாய்க்கு வெளியே கிடந்தது. அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

"நல்ல நித்திரை போல," என்றேன் மெதுவாக.

"இப்பிடி நித்திரை கொண்டு நானே காணேல்லை அண்ணா. மூச்சு வருதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"எவ்வளவு நேரமா?"

"பன்னிரண்டரைக்குப் படுத்தவ."

மூன்று மணித்தியாலம். அவன் முன்னால் தண்ணீர்கூட இல்லை. உள்ளே அவன் கணினி தானாகவே அணைந்து கறுத்திருந்தது.

"நீங்க எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடிங்க. நான் பாத்துக்கிறேன்."

அவன் அம்மாவின் நெஞ்சைப் பார்த்தான். அது ஏறி இறங்கியது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பினான். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டான்.